மெதுவாக ஓடக் கற்ற கணினி

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தை உருவாக்கினார். வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசைகளில் 55 வேற்றுக்கிரகவாசிகள் அணிவகுத்து நிற்பார்கள். பக்கவாட்டில் நகர்வார்கள், திரையின் ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்குவார்கள். நாம் கீழேயிருந்து சுட வேண்டும். சுடச் சுட அவர்கள் எண்ணிக்கை குறையும், குறையக் குறைய மிச்சமிருப்பவர்களின் வேகம் கூடும். கடைசியாகத் தப்பிய ஒருவன் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஓடும் ஓட்டம் இருக்கிறதே, அங்கேதான் ஆடுபவருக்கு விரல் நடுங்கும்.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது? எந்திரத்துக்குள் இருந்தது சுமார் 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இன்டெல் 8080 சில்லு. 55 உருவங்களையும் ஒரே மூச்சில் அழித்து வரைய அதற்குத் தெம்பு போதாது. எனவே நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும்போது, ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் உருவத்தை மட்டும் நகர்த்தும்படி நிரல் அமைந்தது. 55 பேரும் ஆளுக்கோர் அடி வைத்து முடிக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். பத்துப் பேர் மிஞ்சினால் அதே சுற்று ஆறில் ஒரு பங்கு நொடியில் முடிந்துவிடும். ஒருவன் மட்டும் நின்றால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஓர் அடி. இந்த வேகக்கூடுதலை நிஷிகாடோ கவனித்தார். திருத்தாமல் அப்படியே விட்டார். சில்லின் இயலாமை ஆட்டத்துக்கு உயிராகிவிட்டது.

பழைய கணினி ஒன்றை ரெட்ரோ கேம் கன்சோலாக மாற்ற விரும்புகிறவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். நம் கையில் இருக்கும் கணினி எவ்வளவு பழையதாக இருந்தாலும், அந்தக் காலத்து ஆட்டப்பெட்டிகளோடு ஒப்பிட்டால் அது அசுர வேகக்காரன். அதை மெதுவாக ஓடவைக்க வேண்டும். அந்த மெதுவும் நுணுக்கம் பிசகாத மெதுவாக இருக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத்தான் எமுலேட்டர் என்று பெயர்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினியோ அந்தக் காலத்தில் கடையில் வாங்கிய லேப்டாப்போ பல வீடுகளில் இன்னும் இருக்கும். இரண்டு கோர், 2 ஜிகாஹெர்ட்ஸ், 2 ஜிபி ராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விண்டோஸ் அதில் மூச்சுத் திணறும். நான்கு இணையப் பக்கங்களைத் திறந்தால் உறைந்து நின்றுவிடும். "இது இனி எதற்கும் ஆகாது" என்று நாம் பரணில் ஏற்றிவிட்ட பொருள் அது.

இதன் எதிரே நின்டெண்டோவின் ஃபேமிகாமை நிறுத்துவோம். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வெளிநாடுகளில் என்இஎஸ் என்ற பெயரில் போனது. அதன் மூளை, மாஸ் டெக்னாலஜி 1975இல் வெளியிட்ட 6502 சில்லை அடிப்படையாகக் கொண்ட ரிகோ 2ஏ03. வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். படத்துக்கெனத் தனியாக இன்னொரு 2 கிலோபைட். நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்று விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை இதன் நகல்கள்தான். ஃபேமிகாமில் தனித்தனிச் சில்லுகளாக இருந்த மின்சுற்றுகள் முழுவதையும் ஒரே சில்லில் அடக்கி, அதன்மேல் கறுப்புப் பசையை ஒரு சொட்டு ஊற்றி மூடியிருப்பார்கள். காண்ட்ராவும் மாரியோவும் நம் தெருக்களுக்கு வந்தது அந்தக் கறுப்புச் சொட்டு வழியாகத்தான்.

இப்போது ஒரு கணக்கு. ஃபேமிகாம் ஒரு ஃபிரேம் படத்தை வரைந்து முடிப்பதற்குள் அதன் செயலி ஏறத்தாழ 29,780 முறை துடிக்கும். அதே அறுபதில் ஒரு நொடியில் நம் லேப்டாப்பின் ஒரு கோர் 3 கோடியே 33 லட்சம் முறை துடித்துவிடும். பழைய செயலியின் ஒரே ஒரு துடிப்பை நடித்துக் காட்ட நமக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள் கையிருப்பு. பரணில் கிடந்த லேப்டாப்புக்கு வாழ்வு கிடைப்பது இந்தக் கையிருப்பினால்தான்.

அதை எப்படிச் செலவழிக்கிறோம்? கேம் கேசட்டுக்குள் இருப்பது வெறும் எண்களின் வரிசை. 169, அதையடுத்து 5 என்று இருந்தால், "அடுத்து வரும் எண்ணை உன் கையில் எடுத்துக்கொள்" என்று 6502க்குப் பொருள். சில்லு 5ஐ எடுத்துக்கொள்ளும். இதற்கு இரண்டு துடிப்பு ஆகும். நம் இன்டெல் செயலிக்கு 169 என்றால் வேறு ஏதோ. ஆகவே எமுலேட்டர் தன் நினைவகத்தில் ஒரு பொய்யான 6502ஐ உருவாக்கி வைத்துக்கொள்கிறது. அதற்கென்று சில பதிவகங்கள், 2 கிலோபைட் நினைவகம், ஒரு கடிகாரக் கணக்கு. 169ஐப் படிக்கும், இது எந்தக் கட்டளை என்று பார்க்கும், அந்தப் பொய்ச் சில்லின் கையில் 5ஐ வைக்கும், கணக்கில் இரண்டு துடிப்பைச் சேர்க்கும். பிறகு அடுத்த எண். 6502இன் அதிகாரபூர்வக் கட்டளைகள் 56தான் என்பதால், நிரல் எழுதத் தெரிந்த கல்லூரி மாணவர் சில வாரங்களில் இந்தப் பகுதியை எழுதிவிடலாம். எழுதிப் பார்க்கும்படி உண்மையாகவே பரிந்துரைக்கிறேன். கணினி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

சிக்கல் செயலியில் இல்லை. பெட்டிக்குள் செயலி மட்டும் தனியாக ஓடவில்லை என்பதில்தான் இருக்கிறது. படச் சில்லு ஒருபக்கம் புள்ளி புள்ளியாகத் திரையை வரைந்துகொண்டே போகிறது. ஒலிப்பகுதி ஒருபக்கம் அலைகளை எழுப்புகிறது. நாதஸ்வரமும் தவிலும் தாளமும் போல எல்லாம் ஒரே காலப்பிரமாணத்தில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எமுலேட்டரோ ஒற்றை ஆள். இதைக் கொஞ்சம் வாசித்து, ஓடிப்போய் அதைக் கொஞ்சம் வாசித்து, கேட்பவருக்குச் சந்தேகம் வராமல் கச்சேரியை நடத்த வேண்டும். செயலியின் ஒரு துடிப்புக்குப் படச் சில்லு மூன்று புள்ளி நகரும். வரிக்கு 341 புள்ளி, ஃபிரேமுக்கு 262 வரி. இந்த விகிதம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' நல்ல சாட்சி.

மாரியோ ஓடும்போது மலையும் மேகமும் பின்னால் நகரும். ஆனால் திரையின் உச்சியில் இருக்கும் மதிப்பெண் பட்டை நகராது. ஃபேமிகாமில் 'இந்தப் பகுதி நகரட்டும், அந்தப் பகுதி நிற்கட்டும்' என்று சொல்ல நேரடி வழி கிடையாது. நகர்வு என்றால் மொத்தப் பின்னணிக்கும் ஒரே நகர்வு. நிரலாளர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மேலே மதிப்பெண் பட்டையில் ஒரு சின்ன நாணயப் படம் இருக்கும். அதன் அடிப்பகுதிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாதபடி, முதல் ஸ்பிரைட்டை மறைத்து வைத்தார்கள். ஸ்பிரைட் என்பது பின்னணியைச் சாராமல் நகரும் குட்டி உருவம். முதல் ஸ்பிரைட்டின் புள்ளி பின்னணியின் புள்ளியோடு மோதும் கணத்தில் படச் சில்லு ஒரு கொடியை ஏற்றும். செயலி வேறு வேலை எதுவும் செய்யாமல் "ஏறிவிட்டதா, ஏறிவிட்டதா" என்று அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு சுற்றும். கொடி ஏறியதும், டியூப் டிவியில் படத்தை வரையும் கதிர் இப்போது நாணயத்தைத் தாண்டுகிறது, பட்டை வரைந்தாயிற்று என்று அதற்குத் தெரியும். உடனே நகர்வு மதிப்பை மாற்றும். பட்டைக்குக் கீழே உள்ளவை மட்டும் நகர்கின்றன.

கொடியை ஏற்ற மறந்த எமுலேட்டரில் செயலி அந்தச் சுற்றிலேயே மாட்டிக்கொள்ளும். திரை உறையும். கொடியைச் சற்றுத் தாமதமாக ஏற்றினால் பட்டைக்குக் கீழே சில வரிகள் கிழிந்து நடுங்கும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் ஆடிய ஆட்டம், ஒரு நாணயத்தின் அடியில் ஒளிந்திருக்கும் சில புள்ளிகளை நம்பி ஓடுகிறது. மொத்தக் கேசட்டும் 40 கிலோபைட்தான். அந்த நெருக்கடியில்தான் மேகத்தின் உருவத்துக்கே பச்சை பூசிப் புதராகவும் பயன்படுத்தினார்கள்.

குறைகளையும் நடிக்க வேண்டியிருக்கும். ஃபேமிகாம் ஒரு கிடைவரியில் எட்டு ஸ்பிரைட்டுகளுக்கு மேல் காட்டாது. ஒன்பதாவது வந்தால் மறைந்துபோகும். எனவே நிரலாளர்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் வரிசையை மாற்றி, மறைவதைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பழைய ஆட்டங்களில் எதிரிகள் கூடும்போது எல்லாரும் மினுக்மினுக்கென்று மின்னுவது இதனால்தான். இன்றைய எமுலேட்டர்களில் இந்த வரம்பை நீக்கும் வசதி உண்டு. நான் நீக்கமாட்டேன். சில ஆட்டங்கள் இந்த வரம்பையே கருவியாக்கி, வெற்று ஸ்பிரைட்டுகளை ஒரு வரியில் அடுக்கி, ஓர் உருவத்தை வேண்டுமென்றே மறைக்கின்றன. வரம்பை எடுத்தால் மறைய வேண்டியது வெளியே தெரிந்துவிடும்.

ஓர் எந்திரத்தை இன்னோர் எந்திரம் நடிப்பது கேம்களுக்காகப் பிறந்த யோசனை அல்ல. 1964இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்தபோது, வாடிக்கையாளர்கள் பழைய 1401 கணினிக்கு எழுதி வைத்திருந்த நிரல்களைத் தூக்கி எறியத் தயாராக இல்லை. எனவே புதிய எந்திரத்தின் சில வகைகளுக்கு 1401 போல நடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். சம்பளப் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் காப்பாற்றிய அதே நுட்பம், 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிகோலா சல்மோரியா வெளியிட்ட 'மேம்' என்ற எமுலேட்டரின் வழியாக, காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரங்களைக் காப்பாற்றத் தொடங்கியது.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு உண்டு. 1990களின் எமுலேட்டர்கள் அன்றைய கணினியில் எப்படியாவது ஓட வேண்டும் என்பதற்காகக் குறுக்குவழிகளை எடுத்தன. தகராறு செய்யும் ஆட்டங்களுக்குத் தனித்தனி ஒட்டு போட்டன. 1990இல் வந்த சூப்பர் ஃபேமிகாமுக்கு 300 மெகாஹெர்ட்ஸ் கணினியே போதும் என்றார்கள். பையூ என்ற புனைபெயரில் இயங்கிய நிரலாளர் மாற்றுப் பாதையில் போனார். எந்த ஆட்டத்துக்கும் ஒட்டு கிடையாது, எந்திரம் செய்வதை எந்திரம் செய்தபடியே துடிப்புக்குத் துடிப்பு நடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய பிஸ்னெஸ் எமுலேட்டர் சுமார் 3 ஜிகாஹெர்ட்ஸ் செயலியைக் கேட்டது. வீண் பிடிவாதம் என்று சிலர் சொன்னார்கள். 'ஏர் ஸ்ட்ரைக் பேட்ரோல்' என்ற ஆட்டத்தில் விமானத்தின் நிழல் தரையில் விழும். ஒரு வரி வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவில் மதிப்பை மாற்றி உண்டாக்கிய நிழல் அது. வரிவரியாக வரையும் எமுலேட்டரில் அந்த நிழல் விழவே விழாது. குண்டு எங்கே விழும் என்று அந்த நிழலை வைத்துத்தான் ஆடுபவர் கணிக்க வேண்டும். எனக்கு இதில் சந்தேகம் இல்லை: பையூ சரி.

நம் லேப்டாப் 2 ஜிகாஹெர்ட்ஸ்தான். ஃபேமிகாமைத் துல்லியமாகவே நடிக்கும். சூப்பர் ஃபேமிகாமுக்கும் சேகாவின் மெகா டிரைவுக்கும் நடுத்தரத் துல்லியமுள்ள எமுலேட்டர்கள் தாராளமாக ஓடும். 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனின் செயலி 33.87 மெகாஹெர்ட்ஸ், அங்கே ஒவ்வொரு கட்டளையாகப் படித்து நடித்துக்கொண்டிருந்தால் கட்டாது. ஒரு தொகுதிக் கட்டளைகளை ஒரே தடவை இன்டெல் மொழிக்கு மாற்றி, மாற்றியதைச் சேமித்து வைத்து, மறுபடி அதே இடத்துக்கு வரும்போது நேரே ஓடவிடும் உத்தியைக் கையாள்கிறார்கள். அதனால் பிளேஸ்டேஷனும் ஓடிவிடும். பிளேஸ்டேஷன் 2க்கு ஆசைப்பட வேண்டாம். அதன் 294 மெகாஹெர்ட்ஸ் முதன்மைச் செயலியோடு வேறு பல செயலிகளும் கைகோத்து ஓடுகின்றன. நம் லேப்டாப்பின் கையிருப்பு அங்கே தீர்ந்துபோகும்.

இனி வேலை. முதலில் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி உப்பி அடிமூடியையோ டச்பேடையோ தள்ளிக்கொண்டிருந்தால் அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான லேப்டாப்கள் சார்ஜர் மட்டும் போட்டாலே ஓடும். விசிறியில் அடைத்திருக்கும் தூசியை எடுத்து, செயலிக்கும் வெப்பம் கடத்தும் தகட்டுக்கும் நடுவே காய்ந்துபோன பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் நல்லது. சூடான செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அப்போது ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். எமுலேட்டர் தடுமாறுவதைக் கண்ணைவிட முதலில் காதுதான் கண்டுபிடிக்கும்.

விண்டோஸை அழிக்கத் தேவையில்லை. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாட்டோசெரா, லக்கா என்ற இரண்டு இலவச இயங்குதளங்கள் இதற்கென்றே இருக்கின்றன. பழைய 64 பிட் கணினிகளுக்கான வடிவத்தை இறக்கி, 32 ஜிபி பென் டிரைவில் எழுதி, லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12 போன்ற பட்டனை அழுத்தி, பென் டிரைவிலிருந்து துவக்கச் சொன்னால் போதும். எந்தப் பட்டன் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இருந்தால் அதைப் பயாஸ் அமைப்புகளில் அணைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் அதுபாட்டுக்குக் கிடக்கும். பென் டிரைவைப் பிடுங்கினால் பழைய லேப்டாப், சொருகினால் கன்சோல். ஒரு யுஎஸ்பி கேம்பேடை இணைத்து, எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகுங்கள்.

டிவியில் செருகியதும் இன்னொரு பிரச்சினை தலைகாட்டும். பழைய டியூப் டிவி வந்த சமிக்ஞையை வந்த கணமே திரையில் வரைந்தது. இன்றைய டிவி ஒரு ஃபிரேமை முழுவதும் வாங்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டுகிறது. ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லிநொடி. மூன்று நான்கு ஃபிரேம் தாமதமானால் மாரியோ பள்ளத்தில் விழுந்த பிறகே நாம் குதிப்போம். டிவியில் 'கேம் மோட்' என்ற அமைப்பைத் தேடி இயக்குங்கள்; பாதி நோய் அதிலேயே தீரும்.

மீதிக்கு வைத்தியம் 2018இல் ரெட்ரோஆர்க் என்ற மென்பொருளில் வந்தது. எமுலேட்டர் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த யோசனைகளில் அதுவும் ஒன்று. பல ஆட்டங்கள் நாம் பட்டனை அழுத்தியதை அடுத்த ஃபிரேமில்தான் திரையில் காட்டும். அசல் பெட்டியிலேயே அப்படித்தான். எமுலேட்டருக்கு ஒரு வரம் உண்டு: பொய் எந்திரத்தின் முழு நிலையையும் ஒரு நொடிப்பொழுதில் படியெடுத்து வைக்கலாம். எனவே அது இப்போதைய நிலையைப் படியெடுக்கிறது. நீங்கள் அழுத்திய பட்டனை வைத்துக்கொண்டு ஒரு ஃபிரேம் எதிர்காலத்துக்கு ஓடுகிறது. அங்கே தெரியும் படத்தை உங்களுக்குக் காட்டிவிட்டு, படியெடுத்த பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நொடிக்கு 60 தடவை இதையே செய்கிறது. அசல் ஃபேமிகாமைவிட விரைவாக எமுலேட்டர் பதில் சொல்லும் விந்தை இப்படித்தான் நடக்கிறது. வேலை இரட்டிப்பாகும், ஆனால் சில கிலோபைட் நினைவகம் கொண்ட ஃபேமிகாமுக்கு நம் லேப்டாப்பின் கையிருப்பு அதையும் தாங்கும்.

எதனாலும் தீராத ஒன்று, ஃபேமிகாமோடு இணைத்துச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. 1984இன் 'டக் ஹன்ட்' ஆட்டத்தில் விசையை இழுத்ததும் திரை ஒரு ஃபிரேம் கறுப்பாகும். அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் ஒன்று தோன்றும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளியுணரி முதலில் கறுப்பையும் உடனே வெள்ளையையும் பார்த்தால் வாத்து விழும். முதலில் கறுப்பு எதற்கு? மின்விளக்கைக் குறிபார்த்து ஏமாற்றாமல் இருக்க. உணரி எதிர்பார்ப்பது டியூப் டிவியின் கதிர் வரிவரியாகத் துடிக்கும் ஒளியை. எல்சிடி திரை அப்படித் துடிப்பதுமில்லை, சொன்ன நேரத்துக்கு வெளுப்பதுமில்லை. அசல் துப்பாக்கி அதன்முன் குருடு. மவுஸால் குறிபார்த்து ஆடலாம், அவ்வளவுதான்.

ஆட்டங்களை எங்கிருந்து எடுப்பது? எமுலேட்டர் எழுதுவது குற்றமல்ல. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. ஆனால் ஆட்டத்துக்குப் பதிப்புரிமை உண்டு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சட்டப்படி கையில் வைத்திருக்கும் கணினி நிரலை, அது தொலைந்தோ பழுதாகியோ போனால் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நகலெடுக்க இடம் தருகிறது. கையில் இல்லாத ஆட்டத்தை இணையத்தில் இறக்க அதில் இடமில்லை. இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்க வழியில்லாத படைப்புகள் இவை. நூலகங்களுக்காவது இவற்றைக் காத்துக் கடன் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தெளிவாகத் தர வேண்டும். பழைய புத்தகத்துக்கு உள்ள மதிப்பு இவற்றுக்கும் உண்டு.

நேர்மையான வழி ஒன்று திறந்தே இருக்கிறது. ஃபேமிகாமுக்கு இன்றும் புதிய ஆட்டங்கள் எழுதுகிறார்கள். 2019இல் மார்ஃப்கேட் கேம்ஸ் வெளியிட்ட 'மைக்ரோ மேஜஸ்', மாரியோவின் அதே 40 கிலோபைட்டுக்குள் நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை அடக்கியது. அதன் கோப்பைக் காசு கொடுத்து வாங்கி நம் லேப்டாப்பில் ஆடலாம்.

நாமே எழுதவும் செய்யலாம். சிசி65 என்ற இலவசத் தொகுப்பி 6502க்கு நிரல் எழுத உதவும். மெசன் என்ற எமுலேட்டர் அந்த நிரலைக் கட்டளை கட்டளையாக நிறுத்தி, கதிர் இப்போது எந்த வரியில், எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பதையும் காட்டும். இரண்டையும் அதே லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் இயங்குதளத்தில் நிறுவிக்கொள்ளுங்கள். திரை முழுவதையும் ஒரே நிறமாக்கும் நிரல் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அடுத்த அத்தியாயத்தில் அதை எழுதுவோம். பிறகு ஒரு ஸ்பிரைட்டை வைத்து, மாரியோவின் நாணய வித்தையை நாமே செய்து பார்ப்போம்.